படத்தை மறைத்தவள்

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். படம் மறையுது.”

காலையிலிருந்து ரம்ஸியா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சுஜாந்தி “ஓம் ஓம்” என்றாள். ஆனால் அசையவில்லை.

சிலாபத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம். இறால் நோய் பற்றிய ஆய்வு மாநாடு. சுவர் நெடுக போஸ்டர்கள். அதில் ஒன்று இவர்கள் இருவருடையது.

இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளிக் கிருமியின் புரதம் ஒன்றைப் பற்றிய ஆய்வு. சோதனையெல்லாம் சுஜாந்தி செய்தது. அந்தப் புரதத்தைக் கம்ப்யூட்டரில் படமாக்கியது ரம்ஸியா. என்ன படம் அது! நீலமும் செம்மஞ்சளுமாக ரிப்பன்களைச் சுருட்டிச் சுருட்டி வைத்தது போல. நிழல் விழும் இடத்தைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

நேற்று மதுரங்குளியில் அச்சடிக்கக் கொடுக்கும்போதுதான் தலைப்பு படத்தில் முட்டியது. ரம்ஸியா யோசிக்கவே இல்லை. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

“அடிக்க முந்தி எனக்கும் ஒருக்கா அனுப்புங்க ரம்ஸியா” என்று சுஜாந்தி போனில் கேட்டாள்.

“நாளைக்குப் பாருங்கக்கா.”

அனுப்பினால் அது நொட்டை, இது நொள்ளை என்று கை வைக்காமல் விடுவாளா?

இந்த மாதத்தோடு ரம்ஸியாவின் வேலை முடிகிறது. கொழும்புப் பேராசிரியர் அஸ்மி தன் ஆய்வுகூடத்துக்கு ஓர் ஆள் தேடுகிறாராம். இன்றைக்கு ஒவ்வொரு போஸ்டராகப் பார்த்துக்கொண்டு வருவாராம். அந்தப் படம் அவர் கண்ணில் பட்டால் போதும், வேலை தனக்குத்தான் என்று ரம்ஸியா நம்பியிருந்தாள்.

பட்டால்தானே! இந்த அக்கா சீலைத் தலைப்பையும் விரித்துக்கொண்டு சரியாகப் படத்துக்கு முன்னால் அல்லவா நிற்கிறாள்?

முந்தல் பக்கத்து இறால் பண்ணைக்காரர் ஒருவர் எட்டி எட்டிப் பார்த்தார். “அது என்ன மகள், கலர் கலரா?”

“அத விடுங்கையா. இந்த வரைபடத்தப் பாருங்க” என்று அவரை மற்றப் பக்கம் இழுத்துவிட்டாள் சுஜாந்தி.

பகல் சாப்பாடு வந்தது. எல்லாரும் போனார்கள், சுஜாந்தி போகவில்லை. பசியைக்கூட மறக்க வைக்குமா இந்தப் பேராசை?

ரம்ஸியாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஆக்கள் வாறது ஒங்கட மொகத்தப் பாக்கவா, என்ட படத்தப் பாக்கவா? ஒங்களுக்கு நிரந்தர வேல இரிக்கி. எனக்கு இரிக்கிறது இந்தப் படம் ஒண்டுதான். அதையும் மறைக்கிறீங்களே, இது நியாயமா?”

பக்கத்துப் போஸ்டர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுஜாந்தியின் கண் கலங்கிவிட்டது.

“கோவிக்காதீங்க ரம்ஸியா” என்றாள். அப்போதும் நின்ற இடத்தை விடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் வந்துவிட்டார்.

“கொஞ்சம் தள்ளுங்க மகள், படத்தப் பாப்பம்.”

அவர் சொல்லித் தட்ட முடியுமா? சுஜாந்தி மனமில்லாமல் விலகினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்தப் படத்தச் செஞ்சது யாரு?”

“நான்தான் சேர்” என்று முந்திக்கொண்டாள் சுஜாந்தி. “ரம்ஸியாவுக்கு இதுல ஒரு சம்பந்தமுமில்ல.”

அல்லாவே! பட்டப்பகலில், அதுவும் கண் முன்னால் களவு! ரம்ஸியா வாயைத் திறந்தாள்.

“சேர்...”

அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சுஜாந்தியின் பக்கம் திரும்பினார்.

“சுருளெல்லாம் மத்தப் பக்கமாச் சுத்துதே, கவனிக்கல்லியா? படத்த இடம் வலமாத் திருப்பியிருக்கிறீங்க. சங்கக் கண்ணாடியில பாத்திட்டு, வலம்புரி கிடைச்சிட்டெண்டு துள்ளின கத மாதிரி இரிக்கி. இப்பிடி ஒரு புரதம் உலகத்திலேயே இல்ல. இத வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பியிருந்தா நம்மட மானம் கப்பலேறியிருக்கும்.”

“ஓம் சேர். காலையில தொங்கப் போடக்குள்ளதான் கண்டன். திருப்பி அடிக்க நேரமில்ல. என்ட பிழைதான்.”

ரம்ஸியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதற்காகவா மறைத்துக்கொண்டு நின்றாள்? நான் நொந்துபோவேன் என்றா சொல்லாமலும் விட்டாள்? இதற்காகவா பட்டினி கிடந்தாள்? இவளையா எல்லாருக்கும் முன்னால் அப்படி ஏசினேன்? நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

“மத்த வேலையெல்லாம் நல்லா இரிக்கி. சோதன செஞ்சது?”

“ரெண்டு பேருமாத்தான் சேர்” என்றாள் சுஜாந்தி. “ரம்ஸியா நல்ல கவனமான பிள்ள.”

“அப்ப சரி. ரம்ஸியா, வாற மாசம் என்ட லேபுக்கு வாங்க.”

தூரத்தில் இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. சுஜாந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

நடக்கத் தொடங்கிய பேராசிரியர், எதையோ நினைத்து ரம்ஸியாவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே மகள்?”

‘படம் நான் செஞ்சது.’ இதைத்தான் காலையிலிருந்து வருகிற போகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள் ரம்ஸியா.

“ஒண்டுமில்ல சேர்” என்றாள்.