இரண்டாவது கொப்பி

"நீங்கள் ஏறமாட்டியள் மாமி. மழை பெய்து பாறை வழுக்குது. போன வருசம் மாதிரி கீழயே இருங்கோ" என்றாள் ஜெசிக்கா.

அந்தச் சொல்லே அன்ரோனெற்றுக்குப் போதுமாயிருந்தது. தன்னை மேலே வரவிடாமல் மருமகள் எதையோ செய்யப் போகிறாள்.

வங்காலையிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, கட்டுக்கரைக் குளக்கட்டைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் இந்தப் பாறைக்கு வருவது ஒவ்வொரு நவம்பரும் மரித்தோர் திருநாளில் நடப்பதுதான். பாறை உச்சியில் ஒரு மடம். ஐந்து துறவிகள். அவர்களிடம் இரண்டு கொப்பிகள். ஒன்றில் போரில் காணாமல் போனவர்களின் பெயர்கள், மற்றதில் இறந்தவர்களின் பெயர்கள். அன்று மத்தியானம் இரண்டையும் வாசித்துச் செபிப்பார்கள். முதல் கொப்பியில் இருக்கும் பெயரை இரண்டாவதுக்கு மாற்றுவதென்றால் உரித்துக்காரர் நேரில் வந்து சொல்லவேண்டும்.

முழங்கால் வருத்தத்தால் அன்ரோனெற் ஒருநாளும் மேலே ஏறியதில்லை. காணாமல் போன மகன் றெனால்டுக்காக அடிவாரத்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் செபமாலையோடு இருப்பாள். ஜெசிக்கா ஏறி இறங்கி வந்து, "அவற்ற பேர் வாசிச்சவை மாமி" என்பாள். அது போதும்.

இந்த வருடம் பக்கத்து வீட்டு எடித் வந்து ஒரு கதை சொல்லிவிட்டுப் போனாள். ஓலைத்தொடுவாய் ஊர்க்காரன், பெண்சாதியை இழந்த வின்சன்ட், ஜெசிக்காவைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறானாம்.

"புருசன்ர பேர் ரெண்டாம் கொப்பிக்குப் போனால்தானே அன்ரோனெற்றக்கா, இன்னொரு தாலி ஏறும்" என்றும் சொன்னாள்.

அன்று தொடங்கி அன்ரோனெற்றுக்கு நித்திரையில்லை. றெனால்ட் ஒரே பிள்ளை. போர் முடியும்போது அவனும் ஜெசிக்காவும் வன்னிக்குள் இருந்தார்கள். பிறகு ஜெசிக்கா மட்டும்தான் முகாமுக்கு வந்து சேர்ந்தாள். "அவன் எங்கை?" என்று முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று மாமி கேட்டபோது, ஆமிக்காரர் ஆம்பிளையளை வேறை பஸ்ஸில் ஏற்றினார்கள், அவரும் ஏறியதைக் கண்டேன் என்றாள்.

நாலு வருடமாக அந்த ஒரு சொல்லில்தான் அன்ரோனெற் சோறு தின்கிறாள். அந்த பஸ்ஸைத் தேடித்தான் மாமியும் மருமகளும் சிறைவாசல், முகாம்வாசல், அரசாங்கக் கந்தோர்வாசல் என்று படத்தைப் பிடித்தபடி நின்றார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத மாமிக்காகக் கடிதமெல்லாம் எழுதியவள் ஜெசிக்காதான். இவளும் கைவிட்டால் றெனால்டைத் தேட உலகத்தில் ஆளில்லை.

"நானும் ஏறுறன்" என்றாள் அன்ரோனெற்.

ஜெசிக்காவின் முகம் மாறியது. மாமியை விட்டுவிட்டு விறுவிறென்று முன்னால் ஏறினாள்.

இரும்புச் சங்கிலியைப் பிடித்து, இருந்தும் எழும்பியும் அன்ரோனெற் உச்சிக்கு வந்தபோது, மடத்துக் கோயில் வாசலில் துறவிகளில் ஒருவரான பிறதரிடம் கையெடுத்துக் கும்பிட்டபடி ஜெசிக்கா மெல்லிய குரலில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறதர் தலையை ஆட்டி மறுத்தார். மாமியைக் கண்டதும் அவள் கதையை நிறுத்தினாள்.

"என்ன கேட்டனீ?"

"ஒண்டுமில்லை மாமி."

மணி அடித்தது. பெயர் வாசிக்கும்போது உரித்துக்காரர் எழும்பி நிற்பது அங்கே வழக்கம். முதல் கொப்பி. ஒரு பெயருக்கு ஒரு தாய் எழும்பினாள், இன்னொன்றுக்குக் கட்டுக்கரைப் பக்கத்துச் சைவக் குடும்பம் ஒன்று எழும்பியது. அன்ரோனெற் சுவரைப் பிடித்துத் தயாராக இருந்தாள். கொப்பி முடிந்தது. றெனால்ட் வரவில்லை.

இரண்டாவது கொப்பியில் மூன்றாவது பெயராக வந்தான்.

"வங்காலை, றெனால்ட்."

அன்ரோனெற் எழும்பினாள்.

"என்ர பிள்ளை சாகேல்லை. இவள்தான் இப்ப வாசலில நிண்டு மாத்தினவள்."

செபம் நின்றுபோனது. அவள் மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"வின்சன்ட் வீட்டுக்குப் போறதெண்டால் றோட்டால நடந்து போயிருக்கலாமே. என்ர பிள்ளைக்கு மேல ஏறி மிதிச்சுத்தான் போகோணுமோ?"

ஜெசிக்கா எழும்பினாள். வெளியே போய்த் தூறலில் பாறையில் இருந்தாள். இப்படியும் ஒரு பெண்ணா என்று சனம் தங்களுக்குள் கதைத்தது. ஒருத்தி அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

செபம் முடிந்ததும் அன்ரோனெற் அந்தப் பிறதரை மறித்தாள். பெற்ற தாய் சொல்லுகிறேன், பெயரைத் திரும்ப முதல் கொப்பியில் எழுதுங்கள் என்று மன்றாடினாள்.

பிறதர் இரண்டாவது கொப்பியைக் கையில் எடுத்தார்.

"அந்தப் பிள்ளை என்னட்டைக் கேட்டது வேறை, அம்மா. நீங்கள் வந்திருக்கிறியளாம், இண்டைக்கு மட்டும் இந்தப் பேரை முதல் கொப்பியோட சேர்த்து வாசிக்கட்டாம். பொய்யாய்ச் செபம் சொல்லேலாது எண்டு நான்தான் மறுத்திட்டன்."

"அப்ப பேரை மாத்தினது ஆர்?"

"ஒருத்தரும் மாத்தேல்லை. முகாமால வந்த வருசம் அந்தப் பிள்ளை தன்ர கையால எழுதினது. முதலே இதிலதான் எழுதினது."

அவர் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அன்ரோனெற்றுக்கு எழுத்துகள் தெரிந்தன, சொல் தெரியவில்லை.

"வாசியுங்கோ" என்றாள்.

"றெனால்ட். 2009 மே 11. செல் குண்டு விழுந்து என்ர மடியில செத்தவர். பங்கர்க் குழிக்குள்ளயே வைச்சு நான்தான் மண் போட்டனான். மாமிக்குச் சொல்ல வேண்டாம். அவ தேடும்வரைக்கும் நானும் கூட நிண்டு தேடுவன்."