பரணில் ஒரு பச்சைக் கவுன்

மனைவி படியிறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் வாசல் கதவைத் தாழ் போட்டு, ஜன்னல் திரையையும் இழுத்து விடுகிற ஆம்பளையைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்?

அதையேதான் எதிர்வீட்டு அம்மாவும் நினைத்தார். சனிக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து என்பதால் அவருக்குச் சந்தேகம் முற்றிக்கொண்டே வந்தது. ஆனால் எவ்வளவு காவல் காத்தும் அந்த வீட்டுக்குள் ஓர் ஈ, காக்கை நுழைந்து அவர் பார்த்ததில்லை.

உள்ளே நம் லிஃப்ட் மெக்கானிக் ஸ்டூலில் ஏறி, பரணில் பழைய கருவிப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு பச்சைக் கவுனை எடுத்துக்கொண்டிருந்தார்.

அதைப் போட்டுக்கொள்வார். டீ போட்டுக் குடிப்பார். ரேடியோவில் பாட்டு வைத்துக்கொண்டு, காய்ந்த துணிகளை மடிப்பார். நடுவில் கண்ணாடி முன்னால் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். மத்தியானம் அவள் வருவதற்குள் கவுன் பரணுக்குப் போய்விடும். அவ்வளவுதான். வாரம் பூராவும் கிரீஸும் இரும்புக் கயிறுமாய்க் கிடக்கிற மனுஷனுக்கு அந்தக் காலைப்பொழுது போதும். திங்கட்கிழமை வேலைக்குப் பாடிக்கொண்டே போவார்.

மனைவிக்கு இது தெரியாதா என்றால், பாதி தெரியும். மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவரேதான் சொன்னார். அவள் கத்தவில்லை, அழவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"எனக்கு இது பிடிக்கலைங்க. பிடிச்ச மாதிரி நடிக்கவும் எனக்கு வராது. என் பழைய நைட்டி ரெண்டு கிடக்கு, நான் இல்லாதப்போ போட்டுக்கோங்க. அதோட நிக்கட்டும். அதுக்கு மேல ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சுன்னா, நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால் தலையாட்டினார், நைட்டியோடு நிற்கவும் பார்த்தார். ஆனால் கடைக் கண்ணாடிக்குள்ளிருந்து அந்தப் பச்சைக் கவுன் கூப்பிட்டபோது ஆசை யாரை விட்டது? வீட்டம்மாவுக்கு என்று புளுகி, அவங்க கொஞ்சம் பூசினாப்ல இருப்பாங்க என்று தன் தொப்பையையும் அவள் தலையில் கட்டி, வாங்கி வந்துவிட்டார்.

வாங்கினாரே தவிர, முதுகு ஜிப் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கம்பியை வளைத்துக் கொக்கி செய்து இழுத்தும் பார்த்தார். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிற லிஃப்டை நகர்த்தத் தெரிந்தவருக்கு அந்த ஜிப்பை நகர்த்தத் தெரியவில்லை. மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு சமாளித்தார். மனைவிக்கு, துணியைப் பிரித்து ஆளுக்கேற்றபடி தைத்துக் கொடுக்கிற கடையில்தான் வேலை. இருந்தென்ன, அவளிடம் கொண்டுபோய் நீட்டுகிற சமாச்சாரமா இது?

நடுவில் ஒருநாள் பரணை ஒழிக்கப் போகிறேன் என்று அவள் கிளம்பியதும் இவர் பதறி ஓடி வந்தார். உனக்கு முழங்கால் வலி, நீ ஏறாதே, நானே பண்ணிடறேன் என்று ஸ்டூலைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்தார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அந்த அதிசயம். ஒரு சனிக்கிழமை, கொக்கியைப் போட்டு இழுத்ததும் ஜிப் சரசரவென்று கழுத்து வரைக்கும் ஏறியது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடி முன்னால் அன்றைக்கு இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினார். இளைத்துவிட்டோம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

வேலையிடத்தில் கூட்டாளியிடம் வேறு பெருமையடித்தார். அவன் ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க ஏறினாலே லிஃப்ட் ஓவர்லோடுன்னு கத்துது. இளைச்சது நீங்களாண்ணே, உங்க டூல்ஸ் பையா?"

பொறாமை என்று அதைத் தள்ளிவிட்டார். வேலைக்குப் போடுகிற பேன்ட்டும் இடுப்பைப் பிடித்தது. அதை மனைவியிடம் கொடுத்தபோது, உள்பக்கம் தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டிருக்கிறது, பிரித்து விட்டால் சரியாகிவிடும் என்றாள். தண்ணீரில் சுருங்கியிருக்கும் என்று இவர் விளக்கம் கொடுத்தார். இருக்கும் என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இவர் விஷயத்தில் இடுப்பளவும் அறியவில்லை.

இந்தச் சனிக்கிழமையும் எல்லாம் சுபமாக முடிந்தது. கவுன் பரணுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் வந்தாள். முழங்காலைக் கொஞ்சம் நீவிவிட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். இவர் சாப்பிட்டுக்கொண்டே பாட்டை முணுமுணுத்தார்.

"என்ன, இன்னிக்கு இவ்வளவு சந்தோஷம்?"

"நான் இளைச்சுட்டேன்ல. இன்னும் ரெண்டு கரண்டி வை, ஒண்ணும் ஆகாது."

அவள் ஒரு கரண்டிதான் வைத்தாள். பாத்திரத்தை மூடினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போதுங்க. அந்தப் பச்சைக் கவுன்ல பிரிச்சு விட உள்ளே இனிமே துணி இல்ல."