கையளவு ஓட்டை

பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டு அவள் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கூடத்தை இரண்டாக்கிக்கொண்டு நிற்கும் புதுச் சுவர். இன்னும் பூச்சு வேலை ஆகவில்லை. ஈரச் செங்கல் வாடை.

அதில் முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை. தண்ணீர்க் குழாய்க்கென்று விட்டது. வீட்டைப் பாகம் பிரித்தபோது மோட்டாரையாவது பொதுவில் வைத்துக்கொள்வோம் என்று அவள் புருஷனும் அவன் தம்பியும் முதலில் பேசியிருந்தார்கள். அப்புறம் அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது.

"சாப்பிட்டு வந்து அடைச்சுப்போடறனுங்க அக்கா" என்று கொத்தனார் கலவைச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. குட்டிக் கை. விரலை விரித்து விரித்துத் துழாவியது.

சஞ்சித். கொழுந்தன் மகன். இரண்டு வயது இன்னும் முடியவில்லை.

பெற்றது வளர்மதிதான், கொழுந்தன் பொண்டாட்டி. அவள் மறுபடி மில்லுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து குளிப்பாட்டியது, தூங்க வைத்தது, ஊட்டியது எல்லாம் இவள். இவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அதனாலென்ன, இடுப்பில்தான் ஒன்று இருக்கிறதே என்று இருந்துவிட்டாள். பைத்தியக்காரி.

சுவர் வேலை நடந்தபோதும் பிள்ளைகள் இவள் பொறுப்புத்தான். சஞ்சித்தும் அவன் அக்கா மிதுனாவும். மண்வெட்டியைத் தொடாதே, கலவையில் கை வைக்காதே, செங்கல் மேல் ஏறாதே. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. சிமெண்டுத் தூசி பறக்கும்போது அடக்கி உட்கார வைக்க ஒரு விளையாட்டும் கண்டுபிடித்தாள். கண்ணை மூடு, வாயைத் திற. கண்ணை மூடினால் வாய்க்குள் ஒரு உருண்டை விழும். சோறோ, வெல்லமோ.

இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொத்தனார் அடுத்த வரி செங்கல்லை வைப்பார்.

எவ்வளவு சமர்த்தாகப் பார்த்துக்கொண்டாள்! பிள்ளைகள் மேல் ஒரு கீறல் இல்லை. வேலைக்கும் ஒரு தடையில்லை.

வாசல் தனி. மீட்டர் தனி. பேச்சு வார்த்தை கிடையாது. பிள்ளைகளைப் பற்றி மட்டும் யாரும் வாயெடுக்கவில்லை. என்னத்தைப் பேசுவது? பெற்றவளுக்குத்தானே பிள்ளை.

நேற்றும் இதே போலக் கை வந்தது. கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினாள்.

சாயங்காலம் அந்தப் பக்கம் தட்டு உருண்டது.

"என் கையில தின்னா எறங்காதா உனக்கு?" வளர்மதியின் குரல். அப்புறம் அடி விழும் சத்தம்.

பாவி, பச்சைப் பிள்ளை மேல் கை வைக்கிறாளே என்று இவள் ஓடப் பார்த்தாள். ஓட வழி எங்கே இருக்கிறது? நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது முதல் உருண்டையை உருட்டி அந்தக் கையில் வைக்கப் போனாள். கை வெடுக்கென்று பின்னால் இழுபட்டது. ஓட்டையில் மிதுனாவின் முகம் தெரிந்தது.

"வேண்டாம் பெரீம்மா. நீ ஊட்டுனா அப்பறம் அம்மாகிட்ட வாயவே தொறக்க மாட்டேங்கறான். அம்மா அடிக்குது. அடிச்சுப்போட்டு அம்மாவும் அழுவுது."

ஐந்து வயதுப் பிள்ளை சொல்லுகிற சொல்லா இது?

உருண்டையைக் கிண்ணத்திலேயே போட்டாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள்.

கொத்தனார் வரட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதற்குள் அந்தக் கை மறுபடியும் வரும். வந்தால் ஊட்டாமல் இருக்க அவளால் ஆகாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உடைந்த செங்கல் ஒன்றை எடுத்து ஓட்டைக்கு அளவு பார்த்தாள். சட்டியிலிருந்து கலவையை அள்ளினாள். உள்ளங்கை காந்தியது. உருட்டினாள். சோறு மாதிரியே உருண்டது.

"மிதுனா, தம்பியத் தள்ளி உக்கார வை சாமி. கண்ணுல பட்டா எரியும்."

அந்தப் பக்கம் நகரும் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். சஞ்சித் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருந்தது. இவளைக் கண்டதும் சிரித்தான்.

"கண்ண மூடிக்கோ தங்கம்" என்றாள்.

மூடிக்கொண்டான்.

வாயைத் திறந்தான்.

அவள் செங்கல்லைச் செருகினாள். சுற்றிலும் கலவையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் அடைத்தாள்.

"ஆ..." என்று அந்தப் பக்கம் கேட்டது.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் பெரிதாக, "ஆ..."