அம்மா வாங்கிய ஓவன்

வேன் வாசலில் வந்து நின்றபோதும் சேது அம்மாவைத் திட்டி முடித்திருக்கவில்லை.

“இனிப்பு நீர் வியாதி இருக்கிற உனக்கு ஓவன் எதுக்கும்மா?”

சின்னத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். “தீபாவளி வருது. கேக்கு சுட்டுத் தின்னலாம்னு ஆசைப்பட்டுட்டேன்பா.”

நேற்றும் இதே பதில்தான். முந்தாநாள், சமையலறை மூலையில் கைலியைப் போர்த்தி வைத்திருந்த அந்தப் பெட்டியை அவன் கண்டுபிடித்தபோதும் இதே பதில்தான். வீடு வீடாக விற்க வந்தவனிடம் தவணைக்கு வாங்கிவிட்டாளாம். ஒப்பந்தத்தைச் சேதுவின் பெயரிலேயே போடச் சொன்னாளாம்.

தோட்ட வேலையை விட்டு பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்கு வந்து, ரவாங் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்து, இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறான். அதற்குள் ஓவனா?

நல்ல வேளையாக ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தான். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஏனென்று கேட்கமாட்டோம் என்று கம்பெனிக்காரனே மலாய் மொழியில் அச்சடித்திருந்தான். அந்த வாரம் இன்றோடு முடிகிறது. தொழிற்சாலையிலிருந்தே போன் போட்டு, வந்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டான்.

அம்சவள்ளி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வரமாட்டாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு என்றால் அது சேது வழியாகத்தான். “உங்கம்மாவ சாப்பிடச் சொல்லுங்க” என்பாள் இவள். “பசிக்கலைன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு” என்பாள் அவள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

போதாததற்கு அவனுடைய கோபம் வேறு. போன வருஷம், கேட்காமல் ஒரு மின்விசிறி வாங்கிவிட்டாள் என்று அம்சவள்ளியை ஏசித் தீர்த்தான். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு அசாம் ஜாவா ஊரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்து வரமுடிந்தது.

அம்மாவைத் திட்டுவதில் அந்தப் பயம் இல்லை. அம்மா எங்கே போய்விடப் போகிறாள்?

விற்பனையாளன் தங்கராஜு இளைஞன். கழுத்தில் டை. உள்ளே வந்து ஓவனைத் திறந்து பார்த்தான். ஒரு கீறல் இல்லை. ஒரு தடவைகூடச் சூடேற்றியதாகத் தெரியவில்லை. ஒப்பந்தத்தின் குறுக்கே கோடு போட்டு, சேதுவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். முன்பணத்தையும் முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுத்தான்.

இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.

சேதுவுக்கு இன்னும் ஆறவில்லை.

“ஏன் தம்பி, விக்கிறதுதான் விக்கிற, ஆளப் பாத்து விக்கக்கூடாதா? வயசானவங்ககிட்ட இனிக்க இனிக்கப் பேசித் தலையில கட்டிட்டுப் போறியே, நல்லாவா இருக்கு?”

தங்கராஜுவுக்குச் சுருக்கென்றது. வேன் கதவைச் சாத்தப்போனவன் நிறுத்தினான்.

“வயசானவங்களா? அண்ணே, உங்கம்மாவ நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்லா. அன்னிக்கு அவங்க கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கன்னு சொன்னாங்களே. உங்க வீட்டு அக்காதான் கூப்பிட்டுப் பேசி வாங்குனாங்க.”

வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. சேது வாசலிலேயே நின்றான்.

முதலில் கோபம் சுர்ரென்று ஏறியது. அடுப்படியைப் பார்த்து ஒரு எட்டு வைத்தான்.

பிறகு நின்றான்.

முந்தாநாள் அவன் கத்தத் தொடங்கியதுமே அம்மா முந்திக்கொண்டு, “நான்தான்பா” என்றது நினைவுக்கு வந்தது. மூன்று நாளாக அத்தனை ஏச்சையும் தரையைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டதும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு ஓவன் வந்த கதை எப்படித் தெரியும்? அம்சவள்ளிதான் சொல்லியிருக்க வேண்டும். இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

அவன் இல்லாத நேரத்தில். அவன் வழியாக இல்லாமல்.

சேதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். முகத்தை மறுபடியும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

“இனிமே எவனாச்சும் விக்க வந்தா கதவத் தொறக்காதேம்மா. காதுல விழுதா?”

“சரிப்பா.”

அடுப்படியிலிருந்து அம்சவள்ளி வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. வந்தவள் மாமியாருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“போதும், விடுங்க. அத்தை பாவம்.”

அத்தை.

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் கேட்டதேயில்லை.

இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது.

இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, குரலை ஒரு படி ஏற்றி, சேது அம்மாவை மறுபடியும் திட்டத் தொடங்கினான்.