காலி மனை

“அந்த இடத்துல வீடே கிடையாது தம்பி. காலி மனை. எத்தனை தடவ சொல்றது?”

தலைவர் அந்தக் குட்டி மரவீட்டை இரண்டு விரலால் தூக்கித் தச்சரிடம் நீட்டினார். செத்த எலியைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

ஊர் நினைவுக் குழுவின் கூடம் அது. நடுவில் பெரிய மேசை. அதன் மேல், ஏரிக்கு அடியில் போய்விட்ட பழைய ஊர், தெரு தெருவாக மரத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. மேலே நீலக் கண்ணாடி பொருத்தித் திறப்பு விழா நடத்துவதாக ஏற்பாடு. சுவரில் ஆளுயரப் பலகை: ‘ஒருவரையும் விடாமல் கரையேறிய ஊர்.’ முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எதிர்பாராமல் தண்ணீர் ஏறிய அந்த இரவில் எல்லாரும் பிழைத்து மேட்டுக்கு வந்ததுதான் இவர்களுடைய பெருமை. கேட்பவர் காது வலிக்கும்வரை சொல்வார்கள்.

“சரிங்க. மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல மொட்டையா தெரியுதேன்னு வச்சேன்” என்றார் தச்சர்.

“தெரிஞ்சா தெரியட்டும். அந்தக் கதவச் சாத்துப்பா. ஏரிக் காத்து எலும்பக் குடையுது.”

“சாத்தினா எனக்கு வேலை ஓடாதுங்க.”

நாற்பதைத் தாண்டிய அந்த வெளியூர்க்காரரிடம் இருந்த ஒரே கிறுக்கு அதுதான். மழை அடித்தாலும் கூடத்துக் கதவு திறந்தே கிடக்க வேண்டும். வேலை அவ்வளவு சுத்தம் என்பதால் குழு அதைப் பொறுத்துக்கொண்டது.

வேலையில் அவருக்கு ஒரு வழி உண்டு. ‘உங்க வீடு எப்படி இருந்துச்சு?’ என்று பெரியவர்களைக் கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்பார்கள், அதோடு சரி. அதனால் கேட்கமாட்டார். வேண்டுமென்றே தப்பாகச் செய்து வைப்பார். படகுக்காரர் வீட்டுக்கு மாடி வைத்தார். “எங்கப்பன் என்னிக்குய்யா மாடி கட்டினான்? கூரை வீடு!” என்று மனிதர் எகிறி, அந்தச் சூட்டிலேயே கொட்டகை, கிணறு, பின்வாசல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

திருத்துவதில் முதல் ஆள் டீச்சரம்மா. பழைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். தப்பைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது. தினமும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்பதும் அவர் ஒருவர்தான். தச்சர் தலை நிமிராமல் வாங்கிக் குடிப்பார்.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது தச்சர் அந்த வீட்டை மறுபடி காலி மனையில் வைத்தார். வாசலை மில்லைப் பார்க்க வைத்தார்.

காலையில் வந்து பார்த்தால் வீடு அங்கேயே இருந்தது. வாசல் மட்டும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. சாவி, தச்சரைத் தவிர, தலைவர், படகுக்காரர், டீச்சரம்மா மூவரிடம் மட்டும்தான். ராத்திரி யாராவது வந்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மூவரும் இல்லை என்றார்கள். தச்சர் வீட்டை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டார்.

அடுத்த சாயங்காலம் அதே வீட்டை வைத்து, இடப்பக்கம் ஒரு மரம் நட்டார். விடிந்து பார்த்தால் மரம் வலப்பக்கம் நின்றது. வீடே இல்லாத மனைக்கு வாசல் இருந்திருக்கிறது, மரமும் இருந்திருக்கிறது.

கண்ணாடி பொருத்தவேண்டிய நாளும் வந்தது. தச்சர் அந்த வீட்டைக் கடைசியாக ஒரு தடவை வைத்தார். அதன் கதவைப் பாதி திறந்து, உள்பக்கம் கம்பித் துண்டு ஒன்றைத் தாழ்ப்பாளாக ஒட்டினார். பசை காய்வதற்குள் மூவரும் வந்துவிட்டார்கள்.

“மறுபடியுமா!” தலைவர் முகம் சிவந்தது. “உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? நாளைக்கு ஊரே வந்து நிக்கப்போவுது. என் மானத்த வாங்கணும்னே...”

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருடைய கை தானாக நீண்டது. குட்டிக் கதவைச் சாத்தினார். கம்பித் துண்டைப் பிடுங்கி, கதவுக்கு வெளிப்பக்கம் வைத்து அழுத்தினார்.

“தாழ்ப்பா உள்ள இல்லப்பா. வெளியில” என்றார், சிலேட்டில் கணக்கைத் திருத்துகிற குரலில்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை மேசைமேலேயே நின்றுவிட்டது.

“காலி மனைக்கு ஏது டீச்சர் தாழ்ப்பா?” என்று தச்சர் மெதுவாகக் கேட்டார்.

படகுக்காரர் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். “அந்தப் பாழாப்போன காய்ச்சல்... வீட்டோட எல்லாரும் படுத்துட்டாங்க. ஊருக்கே பரவிடும்னு பயம். ஒரு ராத்திரிக்குத்தான்னு வெளியில தாழ்ப்பாள் போட்டோம். அன்னிக்குப் பார்த்தா தண்ணி ஏறணும்? அவனவன் உயிரக் கையில பிடிச்சிட்டு ஓடினதுல...”

“வாய மூடுய்யா!” என்று தலைவர் சீறினார். “அந்த வீட்டுல ஒருத்தரும் மிஞ்சல. இந்த வெளியூர்க்காரன் வெளிய போய் என்ன சொன்னா என்ன, யாரு நம்புவா?”

தச்சர் எழுந்து போய், இத்தனை நாளும் யாரையும் சாத்தவிடாத அந்தக் கூடத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே பாதி இருட்டாகிவிட்டது. திரும்பி டீச்சரம்மாவைப் பார்த்தார். குரல் சின்னப் பிள்ளையுடையதுபோல் மெலிந்து வந்தது.

“‘சத்தம் போடாம இரு, காலையில வந்து திறக்கிறேன்’னு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னீங்களே டீச்சர்... தண்ணி கூரையத் தொடுற வரைக்கும் நான் சத்தமே போடல.”