மூன்றும் சேர்ந்த வண்டி

கடைசியில் மூன்றும் சேர்ந்த வண்டி ஒன்று கிடைத்தேவிட்டது. அதன் டிக்கிதான் திறந்து தொலைய மாட்டேன் என்றது.

இழுத்தேன். குத்தினேன். சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் சொன்னேன்.

பழைய வண்டி விற்கும் கடைக்காரர் ஓடி வந்து, கைப்பிடிக்கு அடியில் இருந்த ஒரு பொத்தானைத் தொட்டார். டிக்கி அடக்கமாகத் திறந்துகொண்டது.

இதை முதலிலேயே சொல்வதற்கு அந்த மனிதருக்கு என்ன கேடு?

பெட்ரோல், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். இந்த மூன்றும் ஒரே வண்டியில் இருக்க வேண்டும், அதுவும் கைக்கு அடக்கமான பழைய வண்டியாக இருக்க வேண்டும். குதிரைக் கொம்பு என்பார்களே, அதைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம்.

டீசல் என்றால் தெருவுக்குத் தெரு நிற்கிறது. கியர் வண்டி என்றால் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். பெட்ரோலும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து வந்தால் முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது. நாலு சக்கரமும் இழுத்தால் அது டீசலாக இருந்து கழுத்தை அறுக்கிறது.

ஒருத்தன் விளம்பரத்தில் ஆட்டோமேட்டிக் என்று போட்டிருந்தான். பாதி நாள் பயணம் செய்து போய்ப் பார்த்தால் காலுக்குக் கீழே கிளட்ச். கேட்டால், ஜன்னல் ஆட்டோமேட்டிக்தானே என்கிறான்!

இன்னொரு புரோக்கர் போனிலேயே சிரித்துவிட்டான். "வண்டி தேடுறீங்களா சார், பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறீங்களா?" அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

சரி, இந்த மூன்றும் என்னுடைய ஆசையா என்றால், இல்லவே இல்லை. ஒரு டீசல் கியர் வண்டியை நான் எப்போதோ கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன்.

வீட்டில்தான் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். மனைவி, பெரியவள், சின்னவள், மூன்று பேரும் ஒரே கட்சி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர்கள் ரயிலேறி என் மைத்துனி வீட்டுக்குப் போய்விடுவார்களாம். நான் மட்டும் தனியாகச் சுற்றிவிட்டு வரலாமாம்.

ஏன் என்று கேட்டால் ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே! மனைவிக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் வேலை வந்துவிடும். பெரியவள் போனுக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

அடுத்த வருஷம் பெரியவள் படிக்க வெளியூர் போகிறாள். அப்புறம் நாலு பேரும் ஒன்றாகக் கிளம்புவது பேச்சுக்குத்தான். இந்த விடுமுறையை விட்டால் விட்டதுதான். மலை, காடு, கடல் என்று ஒரே வண்டியில் நாங்கள் நாலு பேரும் போய்வர வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. அது பேராசையா?

அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலே கொளுத்துகிற வெயிலில் எவன் வண்டிக்கு அடியிலாவது மல்லாந்து கிடந்தேன்.

இந்த வண்டியில், டிக்கியை விட்டால், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கியர் ஆயில் கருக்காமல் சிவப்பாகவே இருந்தது. அடியில் துரு இல்லை. ஓட்டிப் பார்க்கலாம் என்று, கூட வந்திருந்த மனைவியையும் பெண்களையும் ஏறச் சொன்னேன்.

மூன்று பேரும் பின் சீட்டில் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் ஒருத்தி வந்தால் என்ன? நான் என்ன வாடகை வண்டியா ஓட்டுகிறேன்? கடைசியில் கடைக்காரர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைக்குப் பின்னால் கிடந்த மண்மேட்டில் ஏற்றினேன். முனகாமல் ஏறியது. பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். ஓர் அங்குலம் பின்னால் நகரவில்லை. மேலே போய் நிறுத்தினேன்.

"நல்லா வெச்சிருந்த வண்டி சார்" என்றார் கடைக்காரர். "ஆனா குடும்பத்தோட டூர் போறதுக்கு டீசல் கியர் வண்டியே போதுமே! இந்த மூணும் சேர்ந்துதான் வேணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அப்படிக் கேளுங்க!" என்று பின்னால் திரும்பினேன். "சொல்லுங்களேன், நானும் தெரிஞ்சுக்கிறேன்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னவள்தான் முன்னால் எக்கி, கடைக்காரரிடம் விரல் மடக்கி ஒப்பித்தாள்.

"டீசல் வாடைக்கு அக்கா வாந்தி எடுத்தா அப்பா திட்டுவாரு அங்கிள். கியர் வண்டி மேட்டுல ஆஃப் ஆச்சுன்னா, பேச்சுக் குடுத்தேன்னு அம்மாவைத் திட்டுவாரு. சேத்துல மாட்டுச்சுன்னா எல்லாரையும் இறக்கிவிட்டுத் திட்டுவாரு. இந்த வண்டின்னா திட்டுறதுக்கு ஒண்ணுமே இருக்காது. நாங்க மூணு பேரும் யோசிச்சுக் கண்டுபிடிச்சோம்."

சரியான பதில் சொல்லிவிட்ட பெருமை அவள் முகத்தில் வழிந்தது.

பெரியவள் தங்கையின் வாயைப் பொத்தினாள், எல்லாம் சொல்லி முடித்த பிறகு. கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தூசியே இல்லாத இடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. வெட்கமா கோபமா என்று தெரியவில்லை.

இதையே எடுத்துக்கொள்ளலாம், எல்லாருமாகப் போகலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பின் சீட்டில் மூன்று தலைகளும் குனிந்துவிட்டன.