உணவுக்கு முன்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானை நுனியால் துடைக்கத் தொடங்கினாள். கண்களை மூடிக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் அவளுடைய ஜெபம் அவ்வளவே.

இடப்பக்கம் துடைக்கையில் நன்றி. வலப்பக்கம் துடைக்கையில் விண்ணப்பம். உதடு அசையாது. கண்ணாடி மூக்கில் ஏறினால் ஆமென். பிறகு டப்பாவைத் திறந்து, இன்றும் புளிக்குழம்புதான் என்று சொல்லுவாள்.

வீட்டில் அவள் இப்படியல்லள். விடியலில் அவள் எடுக்கும் கீர்த்தனை தெருமுனைப் பால் கடை வரைக்கும் கேட்கும். பல்லவியிலும் சரணத்திலும் ஒரு சொல் பிசகாது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் சபைக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பவளும் அவளே.

பள்ளி வாசல் வந்ததும் அந்தக் குரலைக் குடையைப் போல மடக்கிவிடுவாள்.

காரணம் பெரிதன்று. ஒரு சிரிப்பு.

மாற்றலாகி வந்த புதிதில் கணக்கு ஆசிரியர் கதிரேசன் கேட்டார். "பஸ் ஸ்டாண்டுல உங்க ஆளுக நோட்டீஸ் குடுத்துக்கிட்டு நிக்கிறாக டீச்சர். ஒரு ஆளப் புடிச்சா எவ்வளவு கமிஷன்?"

அறை முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மற்றவர்கள் சிரித்ததை அன்று மாலையே மறந்துவிட்டாள். தான் சிரித்ததை மறக்க இயலவில்லை.

இன்று மேசைக்கு எதிரே அறிவியல் ஆசிரியை மங்கையர்க்கரசி அமர்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. காலடியில் பயணப் பை. மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை மதுரையில், மருத்துவமனையில், குழாய்களுக்கு நடுவே கிடக்கிறது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறுங்கள் என்று மற்றவர்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

காலையிலிருந்தே ஒரு வாக்கியம் அவள் தொண்டையில் நின்றது.

குழந்தைக்காக நான் ஜெபிக்கட்டுமா?

சின்ன வாக்கியம். இறை வணக்கத்தின்போது அது நாவின் நுனிவரை வந்தது. இடைவேளையில் தேநீரோடு உள்ளே போயிற்று.

நொந்திருப்பவளிடம் போய் மதம் பேசினாள் என்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். கேட்டும் கொடுக்கப்படாமல் போனால்? அப்போது பழி கேட்டவளுக்கு வராது. கேட்கப்பட்ட ஆண்டவருக்கு வரும். அவர் பெயரைக் காப்பதாக எண்ணியே இத்தனை காலம் அவள் வாய் திறக்காதிருந்தாள்.

அவரோ அவளிடம் ஒருநாளும் காவல் கேட்டதில்லை.

இன்று வலப்பக்கத்துக்கு அவளால் நகர முடியவில்லை. துடைத்த பக்கத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஞானசீலி டீச்சர்."

கண் திறந்தாள்.

மங்கையர்க்கரசியின் டப்பா மூடியபடியே இருந்தது. அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளும் இருந்தன. அருகில் கதிரேசன் பாதிச் சோற்றைத் தாண்டிவிட்டார். மங்கையர்க்கரசி மட்டும் எப்போதும் கடைசியில்தான் திறப்பார். எதிலும் நிதானமானவர் என்றே அவள் நினைத்திருந்தாள். தன் கண்ணாடி மூக்கில் ஏறிய பிறகே நாள்தோறும் அந்த மூடி திறந்தது என்பது இப்போதுதான் விளங்கிற்று.

"கண்ண மூடிக்கிட்டுக் கண்ணாடி தொடைக்கிற ஆள உங்களத் தவிர நான் பாத்ததே இல்ல டீச்சர்."

கேலியாகத் தொடங்கிய குரல் நடுவில் இற்றுப்போயிற்று.

"இன்னைக்கு எனக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. பிள்ளையாருக்கு நேந்துக்கிட்டேன். உங்க சாமிகிட்ட எனக்குப் பேசத் தெரியாது. புள்ளைக்கு இன்னும் பேருகூட வைக்கல. மங்கை பேத்தின்னு சொன்னா அவருக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றாள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பாடிய பாட்டுகளையெல்லாம் மனத்துக்குள் தேடினாள். எத்தனை சந்தங்கள், எத்தனை அழகிய விளிகள். ஏழாம் மாதக் குழந்தைக்கு உரியது அவற்றில் ஒன்றும் அகப்படவில்லை.

கண்ணாடியை மேசைமேல் வைத்தாள்.

வெறுங்கண்ணுக்கு எதிரிலிருந்த முகம் கலங்கித் தெரிந்தது. திருநீற்றின் வெண்மை மட்டும் நிலையாக நின்றது. கையை நீட்டினாள். மங்கையர்க்கரசியின் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவை பற்றிக்கொண்டன.

பக்கத்தில் நாற்காலி பின்னுக்கு இழுபட்டது.

கதிரேசன் எழுந்துவிட்டார். சோற்றுக் கையை உயர்த்திப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்தார்.

போகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத் தன்னால் முடிந்ததே என்று வியந்தாள்.

வாசலருகே அவர் நின்றார். இடக்கையால் சுவரைத் தடவினார். மின்விசிறியின் விசையை அணைத்தார்.

"லொடலொடன்னு இது வேற," என்று யாரையும் பாராமல் சொன்னார். "சொல்லுறது ஒண்ணும் காதுல விழாது."

திரும்பி வந்து உட்காரவில்லை. கதவில் சாய்ந்து அங்கேயே நின்றார்.

தலைக்குமேல் இறக்கைகள் விசை தளர்ந்து, தயங்கித் தயங்கிச் சுழன்றன.

அவை முற்றும் நிற்குமுன்பே அவள் தொடங்கிவிட்டாள்.